மூன்று கவரில் சுற்றிய டப்பா

காலை ஆறரைக்கு லேப் கதவைத் திறப்பேன். தண்டையார்பேட்டையில் ஒரு சந்து முனையில் இருக்கிற சின்ன லேப். சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வருகிறவர்கள்தான் முதலில் வருவார்கள். சிறுநீர் டப்பாவைக் கையில் அப்படியே பிடித்துக்கொண்டு வந்து நீட்டுவார்கள். மல டப்பா என்றால் அப்படி இல்லை. ஒரு கவர், அதன்மேல் இன்னொரு கவர், அதற்கும் மேல் ஒரு துணிக்கடைப் பை. மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் "மோஷன் டெஸ்ட்டுக்கா" என்று பாதி குரலில் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொள்வார்கள். சீட்டு எழுதப் பெயர் கேட்டால் அங்கிருந்தே பதில் வரும்.

1998இல் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்ததிலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். எனக்கு மலம் அருவருப்பான பொருள் இல்லை. உடம்புக்குள் ஐந்தடி நீளத்துக்குக் கிடக்கிற பெருங்குடலை முழுக்கத் தடவிக்கொண்டு வெளியே வருகிற ஒரே சாட்சி அதுதான். அங்கே எங்காவது ஒரு துளி ரத்தம் கசிந்தால் அதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு வரும். அந்த மூன்று கவருக்குள் சுற்றி வைக்கிற வெட்கம் எங்கள் வீட்டில் ஒருவரைக் கொண்டுபோயிருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில், குடல் புற்றின் தடயமாக மலத்தில் கசிகிற ரத்தத்தைத் தேடுகிற பரிசோதனையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் 'கார்டு டெஸ்ட்' என்போம். மலேரியாவுக்கும் டெங்குவுக்கும் பார்க்கிற கார்டு வட சென்னைக்காரர்களுக்குப் புதிதில்லை. கர்ப்பம் பார்க்கிற கார்டு எல்லா மருந்துக் கடையிலும் தொங்குகிறது. இதுவும் அதே சாதிதான். ஒரு சின்னக் குப்பி கொடுப்போம். அதன் மூடியோடு ஒரு குச்சி இருக்கும், குச்சி நுனியில் திருகு மாதிரி வரிகள் இருக்கும். அந்தக் குச்சியால் மலத்தில் ஐந்தாறு இடத்தில் குத்தி எடுத்து, குப்பிக்குள் செருகி மூடிவிட்டால் போதும். அந்த வரிகளில் ஒட்டுகிற அளவே தாராளம், ஒரு அரிசி மணிகூட இருக்காது. நிறைய எடுத்தால் நல்லது என்று நினைத்து அள்ளி வைத்துக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அது தப்பு, கார்டு அடைத்துக்கொள்ளும்.

குப்பியைக் குலுக்கி, கார்டில் இருக்கிற சின்னக் குழியில் இரண்டு மூன்று சொட்டு விடுவேன். திரவம் மெல்ல ஊறிக்கொண்டு போகும். வழியில் மனித ஹீமோகுளோபினை மட்டும் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிற ஆன்டிபாடிகள், கண்ணுக்குத் தெரியாத அளவு நுணுக்கமான தங்கத் துகள்களில் ஒட்டி வைக்கப்பட்டிருக்கும். மலத்தில் மனித ரத்தம் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டே போய் 'டி' என்கிற இடத்தில் சிக்கி நிற்கும். அங்கே இளஞ்சிவப்பாக ஒரு கோடு விழும். 'சி' கோடு எப்போதும் விழ வேண்டும், விழாவிட்டால் கார்டு கெட்டது என்று அர்த்தம். ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து நிமிடம்.

நான் படித்த காலத்தில் இப்படி இல்லை. பென்சிடின் என்கிற ரசாயனத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பென்சிடினே மூத்திரப்பையில் புற்று உண்டாக்கும் பொருள். கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் ஆசிரியை ஒவ்வொரு முறையும் எச்சரிப்பார். அதற்குப் பிறகு எங்கள் லேப்புகளுக்குக் குவாயக் அட்டைகள் வந்தன. குவாயக் என்பது கரீபியன் பக்கம் வளர்கிற ஒரு மரத்தின் பிசின். அதைத் தோய்த்த தாளில் மலத்தைத் தடவி, ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டால், ரத்தம் இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் நீலமாகும். 1967இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் டேவிட் கிரேகர் என்கிற மருத்துவர், எந்தத் தொந்தரவும் இல்லாத தன் நோயாளிகளிடம் அந்தத் தாளைக் கொடுத்து வீட்டில் தடவி எடுத்துவரச் சொல்லி, அவர்களில் சிலருக்குக் குடல் புற்றைக் கண்டுபிடித்து எழுதினார். நோய் வெளியே தெரிவதற்கு முன்பே மலத்தில் தேடலாம் என்ற யோசனை உலகத்துக்கு அங்கிருந்துதான் பிடிபட்டது.

ஆனால் அந்த நீலத்துக்கு ஆடு, மாடு, மனுசன் என்று வித்தியாசம் தெரியாது. எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டு ரத்தப் பொரியல் இல்லாத வீடு குறைவு. மாட்டுக்கறி சுக்காவும் உண்டு. திங்கட்கிழமை குவாயக் போட்டால் நீலம்தான். அதனால் மூன்று நாள் கறி சாப்பிடாதே, முள்ளங்கி சாப்பிடாதே, வைட்டமின் சி மாத்திரையை நிறுத்து (அது ரத்தம் இருந்தாலும் நீலத்தை வரவிடாது) என்று ஒரு பட்டியலே கொடுக்க வேண்டியிருந்தது. பட்டியலைக் கேட்டதும் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. இப்போதைய கார்டுக்கு இந்தப் பட்டியல் தேவையே இல்லை. ரத்தப் பொரியலில் இருப்பது ஆட்டு ஹீமோகுளோபின், கார்டு அதைத் தொடாது. சாப்பிடுகிறதைச் சாப்பிட்டுக்கொண்டே வரலாம். இதைச் சொல்லும்போது மட்டும் எதிரில் இருக்கிற முகம் கொஞ்சம் தளரும்.

இன்னொன்று. வயிற்றிலோ சிறுகுடலிலோ ரத்தம் கசிந்தால் கார்டு தேடுகிற குளோபின் (ஹீமோகுளோபினில் இருக்கிற புரதம்) வழியிலேயே செரித்துப்போகும். ஆகவே கார்டில் கோடு விழுந்தால் பெரும்பாலும் பெருங்குடலில் அல்லது மலக்குடலில் ஏதோ இருக்கிறது என்று பொருள். அது மூலமாக இருக்கலாம், புண்ணாக இருக்கலாம், பாலிப் என்கிற சின்னச் சதை வளர்ச்சியாக இருக்கலாம், புற்றாக இருக்கலாம். எது என்று கார்டுக்குத் தெரியாது.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா துறைமுகத்தில் வேலை பார்த்தார். மூட்டை தூக்குகிற வேலையில் ஆரம்பித்து, கடைசிக் காலத்தில் கிடங்கில் கணக்குச் சொல்கிற இடத்துக்கு வந்திருந்தார். வியாசர்பாடியில் ஒற்றை அறை வீடு. 2009 வாக்கில் அவருக்கு மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்திருக்கிறது. எங்களிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் "சூடு ஏறிப்போச்சு" என்று சொல்லியிருக்கிறார். அம்மா வெந்தயத்தை ஊறவைத்து மோரில் கொடுத்தாள். துத்திக்கீரையை வெங்காயத்தோடு வதக்கிக் கொடுத்தாள். வாரத்துக்கு இரண்டு நாள் கருணைக்கிழங்கு. வட சென்னையில் மலத்தில் ரத்தம் என்றால் அது மூலச்சூடு. அந்தச் சொல் அவ்வளவு நிச்சயமாக நம் வாயில் இருக்கிறது, அதற்கு மேல் யாரும் யோசிப்பதே இல்லை.

பேசின் பாலத்திலிருந்து வியாசர்பாடி வரை நடந்து பாருங்கள். மின்கம்பத்திலும் பாலத்துத் தூணிலும் பொதுக் கழிப்பறைச் சுவரிலும் "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்" என்று மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். வெட்கப்படுகிற ஆளை வெட்கப்படுகிற இடத்திலேயே போய்ப் பிடிக்கிற நோட்டீஸ் அது. நைனா அப்படியொரு இடத்துக்குப் போனார். எந்த இடம் என்று நான் எழுதப் போவதில்லை. ஒன்றரை வருடம் அங்கே ஊசி போட்டார்கள், களிம்பு கொடுத்தார்கள். ஒரு முறைகூட கையுறை போட்டு விரல் விட்டுப் பார்க்கவில்லை. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் வருகிற கட்டி விரலுக்கே தட்டுப்படும். அதற்குக் கார்டும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். ஒரு கையுறையும் இரண்டு நிமிடமும் போதும்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் அப்போது பதினோரு வருட அனுபவம் உள்ள டெக்னீஷியன். நைனா ஒரு நாளைக்கு ஐந்து தடவை வெளியே போவதைப் பார்த்திருக்கிறேன். போய்விட்டு வந்தும் முழுசாகப் போன மாதிரி இல்லை என்று அவர் அம்மாவிடம் முனகியது என் காதில் விழுந்திருக்கிறது. இடுப்பு பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தார். எல்லாம் தெரிந்தும் கேட்கவில்லை. அப்பாவிடம் மகள் இதைக் கேட்கலாமா என்ற தயக்கம்தான் காரணம். ஊரார் மலத்தையெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்த எனக்கு, "நைனா, ரத்தம் போகுதா?" என்று இரண்டு வார்த்தை கேட்க வாய் வரவில்லை.

2011இல் ஒருநாள் வேலையிடத்தில் மயங்கி விழுந்தார். ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு இளம் பெண் மருத்துவர் விரலால் பார்த்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் எதுவும் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. மலக்குடல் புற்று, கல்லீரலுக்குப் போய்விட்டது. அடைப்பு வரக்கூடாது என்று வயிற்றில் துளை போட்டுப் பை மாட்டினார்கள். அந்த ஒற்றை அறையில் பையை மாற்றும்போது நைனா எங்களை வெளியே போகச் சொல்வார். நாங்கள் தெருவில் நிற்போம். பத்து மாதம் இருந்தார். போகும்போது வயது 58.

அமெரிக்கப் புள்ளிவிவரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. குடலுக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். தூரத்து உறுப்புக்குப் போன பிறகு கண்டுபிடித்தால் ஆறேழு பேரில் ஒருவர்தான் தாண்டுகிறார். நடுவே எவ்வளவு காலம் கிடைக்கிறது தெரியுமா? குடல் சுவரில் ஒரு சின்ன மொட்டு மாதிரி பாலிப் முளைத்து, அது வளர்ந்து புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டு அளவுக்கு ஆகும். வேறெந்தப் புற்றும் இவ்வளவு நாள் வாசலில் உட்கார்ந்து காத்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை, கருப்பைவாய்ப் புற்றைத் தவிர. நைனாவுக்கு 2001, 2002இல் அது ஒரு பட்டாணி அளவில் இருந்திருக்கும். அந்த வருடங்களில் அவர் என் கல்யாணத்துக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார்.

கார்டு உயிரைக் காப்பாற்றுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்வேன். அமெரிக்காவின் மினசோட்டாவில் 50 முதல் 80 வயது வரையுள்ள 46,551 பேரை எடுத்து, ஒரு பகுதியினரிடம் வருடா வருடம் அந்தப் பழைய குவாயக் அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். 1993இல் முடிவு வெளியானது. பரிசோதித்தவர்களில் குடல் புற்றால் இறந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ரத்தப் பொரியலுக்கும் மனித ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாத அந்த அட்டைக்கே அவ்வளவு பலன். ஜப்பானில் 1992 முதல் 40 வயது தாண்டியவர்களுக்கு இந்தப் புதிய வகைப் பரிசோதனையை அரசே செய்கிறது. இங்கிலாந்தில் குப்பி தபாலில் வீட்டுக்கே வருகிறது, மாதிரியைத் தபாலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். அமெரிக்காவில் 50இல் ஆரம்பித்தால் போதும் என்று இருந்ததை 2021இல் 45 ஆகக் குறைத்தார்கள். இளம் வயதிலேயே வர ஆரம்பித்திருப்பதுதான் காரணம்.

நம் நாட்டுத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுக்கும்தான் பரிசோதனை. குடல் இல்லை. நம் ஊரில் குடல் புற்று மேற்கு நாடுகள் அளவுக்கு இல்லை, அதனால் எல்லோருக்கும் செய்வது வீண் செலவு என்று மருத்துவர்கள் சொல்கிற காரணத்தை நான் மறுக்கவில்லை. கோடு விழுந்தவர்களுக்கெல்லாம் கொலனோஸ்கோபி (பின்வழியாகக் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்ய அத்தனை மருத்துவர் எங்கே, இடம் எங்கே? அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் ரத்தம் கண்ணால் பார்த்தும் மறைக்கிறவர்கள், வீட்டில் ஒருவரை இந்த நோய்க்குக் கொடுத்தவர்கள், காரணமே தெரியாமல் ரத்தம் குறைந்துகொண்டே போகிறவர்கள் வருடக்கணக்கில் என் மேசைக்கு முன்னால் வந்து போகிறார்கள். அவர்களுக்காவது நாம் வாய் திறக்க வேண்டாமா?

அப்படி வந்தவர்தான் எங்கள் தெருமுனை இட்லிக்கடை அக்கா. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். வயது 54. மாதவிடாய் நின்று நான்கு வருடம். ஹீமோகுளோபின் முதலில் 9.1, ஆறு மாதத்தில் 8.2, அப்புறம் 7.4. சிவப்பணுக்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. ரத்தம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. ஒரு கிளினிக்கில் ஒரு வருடமாக இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "பொம்பளைங்களுக்கு ரத்தம் கம்மியாத்தான் இருக்கும், பேரீச்சம்பழம் சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுத்துப் போகும். அதனால் நிறம் மாறியதும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

"அக்கா, மோஷன்ல ரத்தம் இருக்கான்னு ஒருவாட்டி பாத்துடலாமா?" என்று கேட்டேன்.

"எனக்கு மூலம்லாம் இல்லம்மா. ரத்தமே போகலியே."

"கண்ணுக்குத் தெரியாத ரத்தம்க்கா."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். மறுநாள் காலையில் இட்லித் துணி மூட்டைக்கு நடுவே வைத்துக் குப்பியைக் கொண்டுவந்தார். இரண்டாவது நிமிடத்திலேயே 'டி' கோடு அழுத்தமாக விழுந்தது. கொலனோஸ்கோபியில் பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி தெரிந்தது. அங்கே குடல் அகலம், உள்ளே இருப்பதும் கூழாக இருக்கும். ஆகவே அடைப்பும் சீக்கிரம் வராது, ரத்தமும் கலந்து மறைந்துவிடும். சோர்வும் வெளுத்துப்போன உள்ளங்கையும் மட்டும்தான் வெளியே தெரியும். அரசு மருத்துவமனையில், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. நெறிக்கட்டுகளுக்குப் புற்று பரவியிருக்கவில்லை. கீமோ தேவைப்படவில்லை. இப்போது மறுபடி நான்கு மணிக்கு அடுப்பு பற்றவைக்கிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் எழுதியதே ஆபத்தாகிவிடும். அக்காவுக்குக் கார்டில் கோடு விழாமல் இருந்திருந்தாலும் அவருக்குக் கொலனோஸ்கோபி செய்திருக்க வேண்டும். 7.4க்குக் காரணம் தேடியே ஆக வேண்டும். கார்டு என்பது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை வடிகட்டுவதற்கு வந்தது. ரத்தம் போகிறது, எடை குறைகிறது, மலம் போகிற வழக்கம் மாறி வாரக்கணக்கில் நீடிக்கிறது என்றால் நேராக மருத்துவரிடம் போங்கள். கார்டில் ஒன்றும் இல்லை என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஒருமுறை செய்யும் கார்டு பத்துப் புற்றில் எட்டை மட்டும் பிடிக்கிறது. பெரிய பாலிப்புகளில் நாலில் ஒன்றைப் பிடித்தாலே அதிகம், ஏனென்றால் பாலிப் எல்லா நாளும் கசிவதில்லை. அதனால்தான் இதை வருடா வருடம் செய்யச் சொல்கிறார்கள். இந்த வருடம் கசியாதது அடுத்த வருடம் கசியும்.

கோடு விழுந்தால் புற்று என்றும் அர்த்தம் இல்லை. விழுந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று இருக்காது. ஆனால் கோடு விழுந்தபின் "சரி, இன்னொரு வாட்டி கார்டு போட்டுப் பாக்கலாம்" என்று கேட்கிறவர்களுக்கு நான் கார்டு தருவதில்லை. இரண்டாவது முறை விழாவிட்டாலும் முதல் கோடு பொய்யாகிவிடாது. அடுத்த படி கேமராதான்.

எங்கள் பக்கத்துக்கென்றே சில சிரமங்கள் இருக்கின்றன. ஒரு கழிப்பறைக்கு ஆறு குடும்பம் என்று இருக்கிற இடங்களில், காலையில் வெளியே பத்துப் பேர் வாளியோடு நிற்கும்போது உள்ளே உட்கார்ந்து குச்சியால் குத்தி எடுக்க யாருக்கு மனசு வரும்? நான் சொல்லித் தருவது இதுதான். பழைய செய்தித்தாள் ஒன்றைப் பீங்கான் மேல் விரித்து, தண்ணீர் படுவதற்கு முன் அதில் பிடித்து, பத்து நொடியில் குத்தி எடுத்துவிடுங்கள். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் போனாலும் பரவாயில்லை, காலை மலம்தான் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மாதவிடாய் நாட்களில் வேண்டாம். மூலத்திலிருந்து கண்ணெதிரே ரத்தம் சொட்டுகிறபோதும் வேண்டாம். அப்போது கார்டு எதையும் பிரித்துச் சொல்லாது, மருத்துவர்தான் பார்க்க வேண்டும். ரத்தம் அளவுக்கு மீறி இருந்தால் சில கார்டுகளில் கோடு மங்கலாக விழுவதும், விழாமலே போவதும் உண்டு. சிவப்பாகத் தெரிகிற மாதிரியை நான் நீர்த்தும் ஒருமுறை போட்டுப் பார்ப்பேன்.

அப்புறம் வெயில். ஹீமோகுளோபின் சூட்டில் சிதைந்துபோகும். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் பகுதியில் வெயில் காலத்தில் வந்த மாதிரிகளில் கோடு விழுவது குறைந்ததைக் கண்டுபிடித்து 2010இல் எழுதியிருக்கிறார்கள். இத்தாலி வெயிலுக்கே அப்படி என்றால் நம் கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் மத்தியானம் வரை வைத்திருந்த குப்பி என்ன ஆகும்? எடுத்த அன்றைக்கே, முடிந்தால் ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்துவிடுங்கள் என்று மே மாதத்தில் நான் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கிறேன். பையில் போட்டுக்கொண்டு வண்டியில் சுற்றிவிட்டு சாயங்காலம் கொண்டுவந்தால் வாங்க மாட்டேன், புதுக் குப்பி கொடுப்பேன். அதில் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு.

தம்பிக்கு வருகிறேன். நைனா இறந்தபோதே மருத்துவர் எங்கள் இருவரிடமும் சொன்னார். பெற்றவருக்கு அறுபது வயதுக்குள் வந்திருக்கிறது, நீங்கள் நாற்பது வயதில் நேராகக் கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. உங்களுக்குக் கார்டு போதாது. நான் 2018இல் செய்துகொண்டேன், சுத்தமாக இருந்தது. தம்பி கேட்கவில்லை. "பின்னாடி கேமரா விடுறதா? போக்கா" என்று எழுந்து போய்விடுவான்.

அவன் கால்பந்து ஆடி வளர்ந்தவன். வியாசர்பாடியில் பிறந்த பையன்களுக்கு அது ரத்தத்தில் இருக்கிறது. நைனாதான் அவனுக்குப் பெலேவின் பெயரைச் சொல்லிக்கொடுத்தார். 1977இல் பெலே கல்கத்தாவுக்கு வந்து மோகன் பகானோடு ஆடியதை நேரில் பார்த்த மாதிரியே சொல்வார். 2022 டிசம்பர் 29ஆம் தேதி இரவு பெலே இறந்த செய்தி வந்தது. மறுநாள் மைதானத்தில் பையன்கள் ஒரு படத்தை வைத்து மாலை போட்டிருந்தார்கள். தம்பி அங்கேயிருந்து எனக்குப் போன் செய்தான். "அக்கா, பெலேவுக்கும் பெருங்குடல் கேன்சராமே. நைனாவுக்கு வந்ததுதானே?"

ஆமாம் என்றேன். 2021இல் ஒரு வழக்கமான உடல் பரிசோதனையில்தான் அவருக்குக் கட்டி தெரியவந்தது, கொரோனாவால் அந்தப் பரிசோதனை தள்ளிப்போயிருந்தது என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "சரி, மொதல்ல அந்தக் கார்டப் போட்டுடு" என்றான்.

கேமராவுக்குப் பதில் அது இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பத்து வருடமாகப் பேச மறுத்தவன் ஒரு குப்பியைக் கையில் வாங்க வந்திருக்கிறான். கொடுத்தேன். கோடு விழவில்லை. அவனுக்கு அவ்வளவு சந்தோஷம், டீ வாங்கிக் கொடுத்தான். டீயைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். "இது உனக்கு இல்லடா. நைனாவுக்கு வந்த மாதிரி வீட்ல யாருக்கும் வராதவங்களுக்கு." அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பிப்ரவரியில் போனான்.

பயந்தது கேமராவுக்கு. கஷ்டப்பட்டது முதல் நாள் குடித்த மருந்துத் தண்ணீருக்கு. பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். எலுமிச்சை வாசனையோடு உப்பும் வழவழப்பும் கலந்த ஒரு சுவை. ராத்திரி முழுக்க ஓட வேண்டும். பொதுக் கழிப்பறைதான் என்பதால் அன்று என் வீட்டில் வந்து தங்கினான். கேமரா விட்டது அவனுக்கு நினைவே இல்லை, மயக்கம் கொடுத்திருந்தார்கள். அரை மணி நேரத்தில் முடிந்தது.

மருத்துவர் திரையில் காட்டினார். குடலின் இடது பக்கத்தில், காளான் மாதிரி காம்போடு ஒன்று. 12 மில்லிமீட்டர். கம்பி வளையத்தைப் போட்டு அப்போதே எடுத்துவிட்டார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் அடினோமா, புற்று இல்லை என்று வந்தது. கார்டு பிடிக்காத பாலிப் அது. அதை அப்படியே விட்டிருந்தால் எத்தனை வருடத்தில் என்னவாகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நைனாவுக்கும் ஒரு காலத்தில் இவ்வளவுதான் இருந்திருக்கும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட்டில் ஆரம்பித்ததிலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரு பெண் வந்து வீட்டு வாசலிலேயே பிரஷர் பார்த்து, சர்க்கரை மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். எல்லா வீட்டிலும் அவருக்கு உட்கார நாற்காலி உண்டு. அவர் கையில் கார்டு கொடுக்க வேண்டும் என்றுகூட இப்போதைக்கு நான் கேட்கவில்லை. "வெளிக்குப் போறப்ப ரத்தம் வருதா? வீட்ல யாருக்காச்சும் குடல்ல கேன்சர் வந்திருக்கா?" என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்டால் போதும். அவர் கேட்டால் சொல்வார்கள். பெண்கள் கட்டாயம் சொல்வார்கள். அவரிடமே இதைச் சொன்னேன். நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.

பெரிய பாலிப் எடுத்தவர்கள் மூன்று வருடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். தம்பிக்கு அந்தத் தவணை 2026 பிப்ரவரி. லேப்பில் என் மேசைக்குப் பின்னால் மாட்டியிருக்கிற காலண்டரில், நைனா படத்துக்குக் கீழே, அவனே வந்து எழுதிவைத்துவிட்டுப் போனான். போன வாரம் அவனோடு மைதானத்தில் ஆடுகிற ஒருவரைக் கூட்டி வந்தான். நாற்பத்தாறு வயது, வீட்டில் யாருக்கும் இந்த நோய் இல்லை, தொந்தரவும் இல்லை, சும்மா பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தவர். குப்பியைக் கொடுத்து, செய்தித்தாள் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன்.

"அவன் எல்லாம் சொல்லிட்டான்க்கா" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் குப்பியை வெறும் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பெயரையும் வயதையும் நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டு, கோடு விழுகிறதா என்று பார்க்க என் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றார்.